குழு நோட்டிலிருந்து தொழில் கணக்குக்கு

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1989இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது இது. 1992இல் வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2011இல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் வந்தது. ஊராட்சி அளவில் கூட்டமைப்பு, வட்டார அளவில் கூட்டமைப்பு என்று அடுக்கும் எழும்பிவிட்டது.

ஆனால் பத்து வருடமாகக் குழுவில் இருக்கும் ஒருவரிடம் எத்தனை தடவை கடன் வாங்கினீர்கள் என்று கேட்டால் உடனே பதில் வரும். வைத்திருக்கும் தொழிலில் போன மாதம் எவ்வளவு கையில் நின்றது என்று கேட்டால் வராது. சேமிப்புக் குழு நன்றாக ஓடினால் தொழிலும் தானாக ஓடிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் கணக்கு வேறு, ஆட்கள் வேறு, பணம் சுழலும் வேகம் வேறு. கலந்தால் இரண்டும் கெடும். குழுக்களை வழிநடத்தும் ஊக்குநர்கள், கூட்டமைப்புப் பொறுப்பில் இருப்பவர்கள், தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நோட்டு

கூட்டம், சேமிப்பு, உள்கடன் (குழுப் பணத்திலிருந்து உறுப்பினருக்குத் தரும் கடன்), தவணை, நோட்டு, இந்த ஐந்தும் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறார்கள். முதல் நான்கும் நடக்கிறதா என்று காட்டுவது ஐந்தாவதுதான். தீர்மான நோட்டு, வருகைப் பதிவேடு, ரொக்கப் புத்தகம், சேமிப்பு கடன் பேரேடு, உறுப்பினர் பாஸ்புக் ஆகியவை இருந்தால் போதும். பெரிய பெரிய பதிவேடுகளை அச்சடித்துக் கொடுத்துவிட்டு, எழுதத் தெரிந்த ஒரே பெண்ணின் தலையில் கட்டுவதால்தான் ஆறு மாத நோட்டை ஆய்வுக்கு முதல்நாள் இரவு உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

நோட்டு சரியா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். குழுவுக்கு வந்த பணத்தை ஒரு பக்கம் எழுதுங்கள், அது இப்போது எங்கே இருக்கிறது என்று மறுபக்கம் எழுதுங்கள். 12 பேர், மாதம் 200 ரூபாய், 24 மாதம் என்றால் சேமிப்பு 57,600. உள்கடன் வட்டியில் செலவு போக நின்றது 7,400, அரசு கொடுத்த சுழல் நிதி 15,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 80,000. மறுபக்கம், உறுப்பினர்களிடம் கடனாக நிற்பது 68,500, வங்கியில் 10,300, பொருளாளர் கையில் 1,200. இதுவும் 80,000. இரண்டும் ஒன்றாக வரவில்லை என்றால் வித்தியாசம் எந்த மாதத்தில் விழுந்தது என்று பின்னோக்கிப் போக வேண்டும். பெரும்பாலும் அது திருட்டாக இருக்காது. கூட்டத்துக்கு வராதவர் வழியில் பார்த்துக் கொடுத்த தவணை நோட்டில் ஏறாமல் போயிருக்கும். அதனால் கூட்டத்துக்கு வெளியே பணம் வாங்குவதில்லை என்ற ஒரு விதியை மட்டும் இறுக்கிப் பிடித்தாலே பாதித் தகராறு வராது.

உள்கடன் வட்டியைக் கணக்கிடும் முறையும் அடிக்கடி தவறுகிறது. 10,000 ரூபாய், மாதம் 2 சதவீதம், பத்துத் தவணை. நிலுவைக்கு மட்டும் வட்டி போட்டால் முதல் மாதம் 200, அடுத்து 180, அப்படியே இறங்கிக் கடைசி மாதம் 20. மொத்த வட்டி 1,100. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று மாதாமாதம் 200 வாங்கினால் 2,000. வட்டி குழுவுக்குத்தானே வருகிறது, யாருக்கு நட்டம் என்று கேட்பார்கள். கடன் வாங்குகிறவருக்குத்தான். குழுவில் அதிகம் கடன் வாங்குவது பணமில்லாதவர், லாபத்தைச் சமமாகப் பங்கு வாங்குவது எல்லோரும். அந்த 900 ரூபாய் ஏழையின் கையிலிருந்து கொஞ்சம் வசதி உள்ளவர் கைக்குச் சத்தமில்லாமல் போகிறது.

வங்கி மேலாளர் மேசையில்

குழு தொடங்கி ஆறு மாதம் ஒழுங்காக நடந்திருந்தால் வங்கிக் கடனுக்குத் தகுதி வந்துவிடும். தொகைக்கு ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையில் வரையறை இருக்கிறது. முதல் முறை, குழு நிதியைப்போல் 6 மடங்கு அல்லது குறைந்தது 1.5 லட்சம், இரண்டில் எது அதிகமோ அது. இரண்டாம் முறை 8 மடங்கு அல்லது குறைந்தது 3 லட்சம். மூன்றாம் முறை குறைந்தது 6 லட்சம், உறுப்பினர்கள் சேர்ந்து தயாரிக்கும் கடன் திட்டத்தை வைத்து. நான்காம் முறை அதற்கும் மேல்.

குழு நிதி என்றால் பாஸ்புக்கில் நிற்கும் தொகை மட்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சேமிப்பு, உள்கடனில் வந்த வட்டி, சுழல் நிதி, பிற வரவு எல்லாம் சேர்ந்ததுதான் குழு நிதி. உறுப்பினரிடம் கடனாக நிற்கும் பணமும் அதில் அடக்கம். மேலே சொன்ன குழு இரண்டாம் முறை கடன் கேட்டால் 80,000இன் 8 மடங்கு, அதாவது 6.4 லட்சம் வரை கணக்கு வருகிறது. பாஸ்புக்கை மட்டும் பார்த்தால் 10,300இன் 8 மடங்கு, வெறும் 82,400, குறைந்தபட்சமான 3 லட்சத்தோடு நிற்க வேண்டியதுதான். இதற்குப் பயந்து பாஸ்புக்கில் பணம் காட்ட வேண்டும் என்று உள்கடனையே நிறுத்தி வைக்கும் குழுக்கள் நிறைய. சேமிப்புக் கணக்கில் சொற்ப வட்டிக்குத் தன் பணம் தூங்க, அதே உறுப்பினர் தெருவில் வாரவட்டிக்கு வாங்குவார். இதைவிட வீணான ஏற்பாடு கிடையாது. ஆகவே வங்கிக்குப் போகும்போது பாஸ்புக்கோடு, மேலே சொன்ன இருபக்கக் கணக்கை ஒரு தாளில் எழுதி, தீர்மான நோட்டில் ஒட்டி, எல்லோரும் கையெழுத்திட்டு எடுத்துப் போங்கள்.

இன்னும் சில விதிகள் கையில் இருக்க வேண்டும். 10 லட்சம் வரையிலான குழுக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது, மார்ஜின் (கடனோடு குழு தன் பங்காகப் போட வேண்டிய பணம்) கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கக் கூடாது, டெபாசிட் போடச் சொல்லக் கூடாது. சேமிப்புக் கணக்கு திறக்கும்போது எல்லா உறுப்பினர்களின் ஆவணமும் தேவையில்லை, பொறுப்பாளர்களுடையது போதும். கடன் வாங்கும்போதுதான் மற்றவர்களுடையதைக் கேட்பார்கள். உறுப்பினரில் ஒருவரோ அவர் வீட்டாரோ அந்த வங்கியில் பழைய பாக்கி வைத்திருந்தால், அதைக் காரணம் காட்டிக் குழுவுக்கே கடன் மறுப்பது சாதாரணமாகச் செய்யக் கூடாத ஒன்று. குழுவின் பெயரில் பாக்கி இருக்கக் கூடாது, வரும் கடனிலிருந்து பாக்கிக்காரருக்குப் பங்கு தரக் கூடாது, அவ்வளவுதான். வாதாடப் போக வேண்டாம். சுற்றறிக்கையின் அச்சுப்பிரதியை மேசையில் வைத்துப் பணிவாகக் கேட்டாலே பல கிளைகளில் வேலை நடக்கும். நடக்காவிட்டால், மாவட்டத்தில் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். வட்டியைப் பொறுத்தவரை, வாழ்வாதார இயக்கத்தின் கீழ் உள்ள மகளிர் குழுக்களுக்கு 3 லட்சம் வரை 7 சதவீதம்.

கடன் வந்தபிறகு நடப்பதுதான் பெரிய கோளாறு. 6 லட்சம் வரும், 12 பேர், ஆளுக்கு 50,000. வம்பு வேண்டாம் என்று சமமாகப் பிரித்துவிடுவார்கள். ஒருவருக்குத் தேவை பள்ளிக் கட்டணத்துக்கு 15,000. இன்னொருவருக்கு இரண்டு கறவை மாடு வாங்க 1.2 லட்சம். முதலாமவர் மீதி 35,000ஐ வேறு யாருக்கோ கைமாற்றாகக் கொடுப்பார். அந்த யாரோ குழுவில் இல்லாதவர், அவர் கட்டாவிட்டால் கேட்க முடியாது. இரண்டாமவர் ஒரு மாடு வாங்குவார், அது வற்றிய காலத்தில் தவணைக்கு மைக்ரோ பைனான்ஸுக்குப் போவார். பாக்கி விழுந்த குழுக்களைக் கிளறிப் பார்த்தால் இந்த இரண்டில் ஒன்று கிடைக்கும்.

சமமாகப் பிரிக்காமல் இருக்க, விண்ணப்பத்துக்கு முன்பே ஒரு கூட்டம் முழுவதையும் கடன் திட்டத்துக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் என்ன காரியத்துக்கு, எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து வரவு வரும், வேறு எங்கெங்கே தவணை போகிறது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். கடைசிக் கேள்விதான் முக்கியம். நாலைந்து மைக்ரோ பைனான்ஸ் தவணையையும் குழு என்றே ஊரில் சொல்கிறார்கள், அதனால் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மைக்ரோ பைனான்ஸுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் வைத்த வரம்பு, வீட்டின் மாத வருமானத்தில் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து பாதியைத் தாண்டக் கூடாது என்பது. அதே அளவுகோலை நம் குழுவிலும் வைத்துக்கொள்ளலாம். தாண்டியவருக்குப் புதுக்கடன் தருவது உதவி ஆகாது.

12 பேருக்கு ஒரு மெஷின்

ஏதோ ஒரு திட்டத்தில் மானியம் வரும். குழுவுக்குப் பாக்குமட்டைத் தட்டு மெஷினோ, நாப்கின் மெஷினோ வந்து இறங்கும். திறப்பு விழாப் புகைப்படம் எடுத்த ஆறாவது மாதம் கொட்டகை பூட்டியிருக்கும். காரணம் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். சேமிப்புக்காகச் சேர்ந்த 12 பேரும் ஒரே தொழிலைச் செய்ய ஆசைப்படுவதில்லை. நான்கு பேர் வேலை செய்வார்கள், லாபம் வந்தால் 12 பேரும் பங்கு கேட்பார்கள். அந்த நான்கு பேரும் சலித்து விலகுவார்கள். போதாக்குறைக்கு மும்முனை மின் இணைப்பு வந்திருக்காது, மூலப்பொருள் ஆண்டில் சில மாதம் மட்டுமே கிடைக்கும்.

தொழிலுக்கு ஆட்களைத் தனியாகத் திரட்டுங்கள். ஒரே குழுவிலிருந்து மூன்று பேர், அல்லது ஐந்து குழுக்களிலிருந்து ஒவ்வொருவர். ஏற்கெனவே அந்த வேலையைச் சின்ன அளவிலாவது செய்துகொண்டிருப்பவராக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அவர்களுக்குத் தனி வங்கிக் கணக்கு, தனிப் பில் புத்தகம். குழுவின் சேமிப்புக் கணக்கு வழியாக ஒரு ரூபாய் விற்பனைப் பணமும் போகக் கூடாது. வேலைக்குக் கூலி வேறு, முதலுக்கு லாபப் பங்கு வேறு என்று முதல்நாளே எழுதிக்கொள்ளுங்கள். வேலைக்கு வந்த நாளுக்கு அன்றன்றே கூலி, ஆண்டு முடிவில் போட்ட முதலுக்கு ஏற்ப லாபம். இந்த ஒரு வரி எழுதப்படாததால் உடைந்த தொழில்கள் பணமில்லாமல் உடைந்த தொழில்களைவிட அதிகம் என்பது என் கணிப்பு.

அடுத்து விலை. மரச்செக்குக் கடலை எண்ணெயை எடுத்துக்கொள்வோம். இங்கே போடும் விலைகள் கணக்குக்காக மட்டும், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 100 கிலோ பருப்பு ஆட்ட வேண்டும் என்றால் 103 கிலோ வாங்க வேண்டும், சொத்தை, பூஞ்சை பிடித்தது, கல் எல்லாம் பொறுக்கினால் அந்த மூன்று கிலோ போய்விடும். பூஞ்சைக் கடலையை ஆட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதில் உண்டாகும் நச்சு எண்ணெயிலும் புண்ணாக்கிலும் வந்து சேரும், புண்ணாக்குத் தின்ற மாட்டின் பாலிலும் இறங்கும்.

கிலோ 130 என்று 103 கிலோவுக்கு 13,390. ஆட்டுகூலி கிலோவுக்கு 15 என்றால் 1,500. வண்டி வாடகை 400. பொறுக்க, காயவைக்க, வடிகட்ட, அடைக்க மூன்று ஆள் கூலி 1,200. செக்கில் சுமார் 40 கிலோ எண்ணெய் வரும். எண்ணெயின் ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம்தான், ஆகவே 40 கிலோ என்பது 44 லிட்டர். தெளியவைத்து வண்டல் போக 43 பாட்டில். பாட்டில், மூடி, லேபிள், அட்டைப்பெட்டி ஒன்றுக்கு 20 என்று 860. ஆக மொத்தம் 17,350. புண்ணாக்கு 57 கிலோ, 40 ரூபாய் வீதம் 2,280 திரும்ப வரும். மீதி 15,070ஐ 43ஆல் வகுத்தால் லிட்டருக்கு 350 ரூபாய் அடக்கம்.

இதை 360க்கு விற்றால் பத்து ரூபாய் லாபம் என்று தோன்றும். வீட்டு வாசலில் விற்கும்வரை சரி. கடைக்காரர் 15 சதவீதம் கமிஷன் கேட்டால் கைக்கு வருவது 306. பாட்டிலுக்கு 44 ரூபாய் நட்டம், ஒரு ஆட்டத்துக்கு 1,890க்கு மேல். அதனால் விலையைக் கடைக்கமிஷனோடு சேர்த்தே வைக்க வேண்டும். 350ஐ 0.85ஆல் வகுத்தால் 412, அதற்குக் கீழே கடைக்குப் போகவே கூடாது. சொந்த உழைப்புக்குக் கூலி எழுதாமல் விட்டால் லிட்டருக்கு 28 ரூபாய் அடக்கம் குறைந்ததுபோல் தெரியும். பல குழுக்களின் லாபம் என்பது எழுதாமல் விட்ட அந்தக் கூலிதான்.

பிறகு சுழலும் முதல், அதாவது விற்ற காசு திரும்பி வரும்வரை தொழிலில் போட்டுவைக்க வேண்டிய பணம். வாரம் ஒருமுறை 100 கிலோ ஆட்டுகிறீர்கள், பருப்பு இரண்டு வார இருப்பு, எண்ணெய் ஒரு வார இருப்பு, கடைக்காரர் நான்கு வாரம் கழித்துத்தான் பணம் தருவார். ஏழு வாரச் செலவு வெளியே நிற்கிறது. புண்ணாக்குக் காசு உடனே வந்துவிடும் என்று கழித்தாலும் 1 லட்சத்துக்குக் குறையாது. வாரம் 43 பாட்டில் விற்கும் சிறு தொழிலுக்கே இவ்வளவு. வாங்கிய கடன் முழுவதையும் செக்கு வாங்குவதில் போட்டுவிட்டுப் பருப்பு வாங்கப் பணமில்லாமல் நிற்பது இதனால்தான். இந்த அளவு விற்பனைக்குச் சொந்தச் செக்கே வேண்டாம், கூலிக்கு ஆட்டினால் போதும். மெஷினில் போடுவதைத்தான் மானியத் திட்டங்கள் பெரும்பாலும் ஊக்குவிக்கின்றன. 2020இல் வந்த பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் திட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 வரை சிறு கருவிக்கும் சுழல் முதலுக்குமாகத் தொடக்க நிதி வைத்தது ஒரு நல்ல விலக்கு.

உரிமம், லேபிள் பற்றிச் சுருக்கமாக. உணவுப் பொருள் எதுவானாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யில் பதிவு வேண்டும், அந்த 14 இலக்க எண் லேபிளில் வர வேண்டும். பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர அளவு, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், பேட்ச் எண், சைவக் குறி, முகவரி, எம்.ஆர்.பி. எல்லாம் இருக்க வேண்டும். கடலை ஒவ்வாமைப் பொருள் என்பதால் அதையும் குறிக்க வேண்டும். சமையல் எண்ணெயை அடைக்காமல் அளந்து விற்க 2011 விதிமுறைகளில் தடை இருக்கிறது. கண்காட்சியில் கேனிலிருந்து ஊற்றிக் கொடுப்பதற்கு முன் இது நினைவிருக்கட்டும். மாநிலத்துக்குள் பொருள் விற்போருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், பிரவுசிங் சென்டரில் ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

குழுப் பொருட்களின் விற்பனைக்கென்றே மாவட்டத் தலைநகரங்களில் பூமாலை வணிக வளாகம், மதி அங்காடி, சரஸ் கண்காட்சி எல்லாம் உண்டு. பயன்படுத்துங்கள், ஆனால் கண்காட்சி விற்பனையைச் சந்தை என்று எண்ணிவிடாதீர்கள். பத்து நாளில் 200 பாட்டில் போகும், வாங்கியவர் மறுபடி எங்கே வாங்குவார் என்று அவருக்கும் தெரியாது. மாதாமாதம் தவறாமல் வாங்கும் 40 வீடு கிடைத்தால் அது கண்காட்சியைவிடப் பெரிது. அங்கே வாங்குகிறவரின் தொலைபேசி எண்ணை ஒரு நோட்டில் குறித்துவைப்பதுதான் கண்காட்சியின் உண்மையான வரவு.

நிலம் யார் பேரில்

களை எடுப்பது, நாற்று நடுவது, ஆடு மாடு பார்ப்பது எல்லாம் பெண். காகிதத்தில் விவசாயி என்று இருப்பது ஆண். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் பெண்கள் பெயரில் நடக்கும் சாகுபடி உடைமைகள் சுமார் 14 சதவீதம். தமிழ்நாடு 1989லேயே சட்டம் திருத்தி மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்தது, மத்திய அரசு 2005இல்தான் கொடுத்தது. சட்டம் வந்தும் பட்டா மாறவில்லை. கிராமத்தில் சீர் செய்துவிட்டோம் என்று சொல்லி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கத்தைக் கூட்டமைப்புக் கூட்டங்களில் பேசவே தயங்குகிறோம். பேச வேண்டும்.

பட்டா மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிசான் கடன் அட்டைக்குக் குத்தகைதாரர், வாய்மொழிக் குத்தகை, விளைச்சலில் பங்குக்குச் சாகுபடி செய்பவர் எல்லோரும் தகுதியானவர்கள்தான். 4 முதல் 10 பேர் சேர்ந்து, ஒருவர் கடனுக்கு மற்றவரும் பொறுப்பேற்கும் கூட்டுப் பொறுப்புக் குழுவாக விண்ணப்பிக்கலாம். வாய்மொழிக் குத்தகைக்கு நில உரிமையாளர் ஒரு தாளில் எழுதிக்கொடுக்கத் தயங்குவார், குத்தகை உரிமை கோரிவிடுவார்களோ என்ற பயம். கூட்டுப் பொறுப்புக் குழு வழி போனால் அந்தச் சிக்கல் ஓரளவு தணியும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனை உரிய நாளில் கட்டினால் வட்டியே கிடையாது, இது 2009-10இலிருந்து இருக்கிறது. அதற்குச் சங்கத்தில் பெண் தன் பெயரில் உறுப்பினராக இருக்க வேண்டும், முதல் வேலை அது.

நிலமில்லாதவருக்கு ஆடுதான் வங்கி. அதிலும் தவறுவது இரண்டு இடத்தில். சந்தையில் பத்து ஆட்டை ஒரே நாளில் வாங்கிப் பழைய ஆடுகளோடு அடைப்பது ஒன்று. இரண்டு மூன்று வாரம் தனியாகக் கட்டி, குடற்புழு மருந்து கொடுத்து, ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்டபிறகுதான் சேர்க்க வேண்டும். குட்டிகளுக்கு நான்கு மாதம் ஆனதும் போட்டால் ஏறக்குறைய மூன்று ஆண்டு தாங்கும். இரண்டாவது தவறு, கண்மதிப்பில் விற்பது. வியாபாரிக்குக் கண்ணே தராசு, நமக்கு அப்படியில்லை. அவர் 20 கிலோ என்று மதிப்பது தராசில் 24, 25 காட்டும். கூட்டமைப்பு வாங்க வேண்டிய முதல் சொத்து மெஷின் எதுவும் இல்லை, தொங்கும் தராசும் ஆட்டைத் தூக்க ஒரு துணித் தொட்டிலும். காலையில் மேய்ச்சலுக்கு விடும்முன் எடை போடுங்கள். கறி உயிர் எடையில் ஏறக்குறைய பாதிக்குச் சற்றுக் குறைவாக வரும். உள்ளூர்க் கறி விலையை வைத்து உயிர் எடைக்குக் கிலோ விலை எவ்வளவு கேட்கலாம் என்று பேரத்துக்கு முன்பே தெரிந்துவிடும்.

விளைபொருளைச் சேர்த்து விற்பதில் ஒரு சங்கடம் உண்டு. வியாபாரி குறைந்த விலை தருகிறார், ஆனால் அன்றைக்கே தருகிறார். விதைக்கு முன்பணமும் அவரே கொடுத்திருப்பார். நம் அமைப்பு கிலோவுக்கு மூன்று ரூபாய் கூடக் கொடுத்து இருபது நாள் கழித்துக் கொடுத்தால், உறுப்பினர் வெளியே விற்பதில் தப்பே சொல்ல முடியாது. இடைத்தரகரை ஒழிப்போம் என்று மேடையில் பேசுமுன் அவர் செய்யும் வேலைகளைப் பட்டியல் போட்டு, அதில் எதை நம்மால் செய்ய முடியும் என்று பார்க்க வேண்டும். பொருள் வந்து இறங்கிய அன்றே 70 சதவீதம், விற்றபிறகு மீதி என்று ஒரு ஏற்பாடு இருந்தால் நிற்பார்கள். ஈரம் உள்ளதையும் காய்ந்ததையும் ஒரே விலைக்கு வாங்கினால் அடுத்த முறை யாரும் காயவைத்துக் கொண்டுவர மாட்டார்கள். ஈரப்பதமானியை எல்லோர் கண்முன்னும் வைத்து அளந்து, விலையில் வித்தியாசம் காட்டுங்கள். அறுவடை நேரத்தில் விலை விழுந்தால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் 180 நாள் வரை வைத்து, அந்தப் பொருளையே ஈடாகக் காட்டி மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம். இந்த வசதியைக் கேள்விப்படாத பெண் விவசாயிகள்தான் அதிகம்.

கம்பெனி பதிவுக்கு முன்

உற்பத்தி செய்பவர்களே பங்குதாரராக இருக்கும் கம்பெனியை உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று பதிவு செய்வது இப்போது எளிது. பத்து உற்பத்தியாளர் இருந்தால் போதும், இயக்குநர்கள் 5 முதல் 15 வரை, பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. சட்டத்தில் உற்பத்தியாளர் என்பதில் கால்நடை வளர்ப்போர், தேனீ வளர்ப்போர், கைத்தறி, கைவினை செய்வோர் எல்லோரும் வருவார்கள். பட்டா இல்லை என்று ஆடு வளர்க்கும் பெண்ணைத் திருப்பி அனுப்பும் நிறுவனங்கள் சட்டத்தைவிட இறுக்கமாக நடந்துகொள்கின்றன. கணவர் பெயரில் பங்கு இருக்கிறதே என்பதும் காரணம் ஆகாது, மனைவியும் உற்பத்தியாளர்தான்.

2020இல் மத்திய அரசு அறிவித்த 10,000 நிறுவனங்கள் திட்டத்தில் சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர், மூன்று ஆண்டுக்கு நிர்வாகச் செலவு 18 லட்சம் வரை, உறுப்பினர் பங்குக்கு இணையாக ஆளுக்கு 2,000 வீதம் அதிகபட்சம் 15 லட்சம் என்று வைத்தார்கள். நான்காம் ஆண்டைப் பற்றி முதலாண்டிலேயே யோசியுங்கள். முதன்மைச் செயல் அலுவலர், கணக்காளர், வாடகை, தணிக்கை எல்லாம் சேர்த்து மாதம் 60,000 என்று வைத்தால் ஆண்டுக்கு 7.2 லட்சம். உரம், விளைபொருள் வியாபாரத்தில் 3 சதவீதம் நின்றால் அந்தச் செலவை ஈடுகட்டவே 2.4 கோடி விற்பனை வேண்டும். அந்த அளவு சரக்கு உங்கள் ஊராட்சிகளில் நகர்கிறதா? நகரவில்லை என்றால் கூட்டமைப்பின் கீழ் உற்பத்தியாளர் குழுவாகவே இரண்டு பருவம் வாங்கி விற்றுப் பாருங்கள். கம்பெனி பிறகு பதிவு செய்துகொள்ளலாம், அவசரமில்லை.

பதிவு செய்தால் கடிகாரம் ஓடத் தொடங்கும். 90 நாளுக்குள் முதல் பொதுக்குழு. 180 நாளுக்குள், பங்குப் பணம் வங்கியில் வந்ததைக் காட்டித் தொழில் தொடக்க அறிவிப்பு. ஒவ்வொரு ஆண்டும் நிதிநிலை அறிக்கையும் ஆண்டறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும், தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய். வியாபாரமே நடக்காத ஆண்டுக்கும் இது உண்டு. தொடர்ந்து மூன்று ஆண்டு தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்தாண்டுக்குத் தகுதி இழப்பார்கள். ஊரில் பால் ஊற்றிக்கொண்டிருக்கும் பெண்ணுக்குத் தான் தகுதி இழந்தது தெரியவே வராது, இன்னொரு நிறுவனத்தில் இயக்குநராகச் சேரப் போகும்போதுதான் தெரியும்.

இயக்குநராகச் சம்மதிக்கும் பெண்களிடம் டிஜிட்டல் கையெழுத்துப் பற்றிச் சொல்லுங்கள். பென்டிரைவ் போன்ற அந்தச் சாதனம் பெரும்பாலும் ஆடிட்டர் அலுவலக மேசை டிராயரில் கிடக்கும், பாஸ்வேர்டும் அங்கேயே ஒட்டியிருக்கும். அதை வைத்து அவர் பெயரில் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட முடியும். சாதனம் அவரவர் வீட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு முறை எதற்குப் பயன்பட்டது என்று தேதியோடு தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். படிவத்தின் பிரதி ஒன்றைத் தமிழில் விளக்கம் எழுதிக் கோப்பில் வையுங்கள். ஓ.டி.பி. வரும் கைபேசி எண் கணவருடையதாகவோ மகனுடையதாகவோ இருந்தால், இயக்குநர் அடையாள எண் வாங்குமுன்பே அதை மாற்றிவிடுங்கள். பிறகு மாற்ற நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.